மகனுக்கு இப்போது நோ இல்லை, விளையாட விடலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"என் மகனுக்கு 22 வயது. கொழும்புக் கிளப் ஒன்றில் உதைபந்து விளையாடுகிறான். மாதச் சம்பளம் என்று பெயர், ஆனால் இறங்கி விளையாடினால்தான் காசு. ஐந்து கிழமைக்கு முன் மட்ச் நடக்கும்போது, யாரும் அடிக்கவில்லை, தனியே திரும்பியிருக்கிறான், முழங்காலுக்குள் 'டக்' என்று கேட்டதாம். அன்று இரவே பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. முதல் கிழமை முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக் கட்டினோம். பிறகு ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர், ஏ.சி.எல். முழுதாக அறுந்திருக்கிறது, ஒப்பரேஷன் வேண்டும், ஒரு வருடம் போகும் என்றார். இப்போது வீக்கமும் இல்லை, நோவும் இல்லை. போன ஞாயிறு காலிமுகத்திடலில் ஓடிவிட்டு வந்தான். அடுத்த மாதம் நொக்அவுட் மட்ச் இருக்கிறது, ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் விளையாடட்டும் என்கிறார்கள் கிளப்பில். மாலைதீவுக் கிளப் ஒன்றின் ஆள் அந்த மட்சைப் பார்க்க வருவாராம். வெளிநாட்டுப் பிளேயர்மார் ஆறு மாதத்தில் வந்துவிடுகிறார்கள், எனக்கேன் ஒரு வருடம் என்று கேட்கிறான். நோகாத காலை எதற்கு வெட்ட வேண்டும்? கடைசி மகளும் பாடசாலை டீமில் விளையாடுகிறாள், அவளையாவது நிறுத்திவிடவா? செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் அழுகிறேன். நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள்."

அன்புள்ள அக்கா,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். அந்த மட்சில் தம்பி இறங்கக் கூடாது. அரை மணித்தியாலம் வேண்டாம், கடைசி ஐந்து நிமிடமும் வேண்டாம். ஊசி போட்டும் வேண்டாம், போடாமலும் வேண்டாம். இருபது வருடமாக முழங்கால்களைப் பிடித்துப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் நான். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த 'டக்' சத்தம் இல்லை. காலிமுகத்திடலில் ஓடிவிட்டு வந்தான் என்ற வரிதான்.

முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற முக்கியமான லிகமென்ட் நான்கு உண்டு. நடுவில் குறுக்காகப் போகிற ஒன்றுதான் ஏ.சி.எல். சுண்டுவிரல் பருமன் இருக்கும், நீளம் மூன்று சென்ரிமீற்றர் சொச்சம். கீழ்க்கால் எலும்பு முன்னுக்கு நழுவாமல் அது இழுத்துப் பிடிக்கிறது. பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கிறது. நேராக நடக்கிற, நேராக ஓடுகிற ஆளுக்கு இந்த வேலை அதிகம் தேவைப்படாது. பிரேக் வயர் அறுந்த திரீவீலர் விடியற்காலை வெறும் வீதியில் நேரே நன்றாகத்தான் ஓடும். ஆமர் வீதிச் சந்திக்கு வந்தால்தான் விஷயம் வெளியே வரும். காலிமுகத்திடலில் சந்தி கிடையாது அக்கா. உதைபந்தாட்டத்தில் இரண்டு செக்கனுக்கு ஒரு சந்தி.

அப்படியானால் நோ எங்கே போனது? அன்றிரவு முழங்கால் வீங்கியது இரத்தத்தால். லிகமென்ட் அறும்போது அதோடு ஓடுகிற சின்ன நாளங்களும் அறுந்து மூட்டுக்குள் கசிகின்றன. அடிபட்ட சில மணித்தியாலத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்கினாலே எங்களுக்கு முதலில் ஏ.சி.எல்.மேல்தான் சந்தேகம் வரும். அந்த இரத்தத்தை உடம்பு மூன்று நாலு கிழமையில் உறிஞ்சிவிடுகிறது. வீக்கம் வற்ற, நோவும் போகிறது. போனது வீக்கத்தின் நோ. முழுதாக அறுந்த லிகமென்ட் பெரும்பாலும் அறுந்தபடியேதான் கிடக்கிறது, கிடந்தபடி அது நோவதும் இல்லை. சுளுக்கு என்றால் நோ குறையக் குறையச் சுகம் கூடும் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டோம். ஏ.சி.எல். அந்தக் கணக்குக்குள் வராது.

யாரும் அடிக்காமல் எப்படி என்று உங்களுக்கு ஒரு மனக்குறை இருக்கும்போலத் தெரிகிறது. யாராவது அடித்திருந்தால் கோபப்படவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார். ஐரோப்பாவின் தொழில்முறைக் கிளப்களில் நடந்த 39 ஏ.சி.எல். காயங்களின் வீடியோவைச் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து 2015இல் எழுதினார்கள். நூற்றுக்கு 85 காயங்கள் முழங்காலில் நேரே அடி விழாமல் நடந்தவை. பந்தோடு வருகிறவரை மறிக்க ஓடி, அவர் திரும்பத் தானும் சட்டென்று திரும்புவது. பந்தை அடித்துவிட்டு ஒற்றைக்காலில் தடுமாறி நிலைக்கு வருவது. தலையால் அடிக்கக் குதித்து இறங்குவது. அங்கே திரும்பத் திரும்பக் கண்டது இந்த மூன்றைத்தான். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார். பாதம் நிலத்தில் பட்டு, கண் ஒருதரம் இமைக்கும் நேரம்கூட ஆகாது, லிகமென்ட் போய்விடும். தசை சுதாரிக்கவே நேரமில்லை. ஆகவே கவனமாக விளையாடியிருக்கலாம் என்று வீட்டில் யாரும் அவரைத் திட்டாதீர்கள்.

இனி என் பயத்துக்கு வருகிறேன். ஏ.சி.எல். இல்லாத முழங்கால் ஒரு திருப்பத்தில் 'கழன்று' போகும். விளையாடுகிற பிள்ளைகள் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள், "அக்கா, கால் கழன்று போய்த் திரும்ப வந்தது." அப்படிக் கழலும்போது இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கிற மெனிஸ்கஸ் என்ற மெத்தை நசிந்து கிழிகிறது. அதன் உட்பகுதிக்கு இரத்த ஓட்டம் கிடையாது, அதனால் கிழிந்தால் தானாக ஒட்டாது. தைக்கக்கூடிய கிழிசல் என்றால் தைப்பார்கள். முடியாவிட்டால் கிழிந்த துண்டை வெட்டி எடுப்பார்கள். மெத்தை போன மூட்டில் எலும்பின் வழுவழுப்பான மேற்பரப்பு தேய ஆரம்பிக்கும். அறுபது வயதில் வரவேண்டிய மூட்டுவாதம் முப்பத்தைந்தில் வந்து நிற்பதை நான் இதே கொழும்பில் பார்த்திருக்கிறேன், வந்தவர்களில் பாதிப் பேர் பழைய பந்தாட்டக்காரர்கள். ஏ.சி.எல்.லைத் திரும்பக் கட்டலாம் அக்கா. மெனிஸ்கஸை அப்படிச் சொல்ல முடியாது.

இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு கிளப்போடு கோட்டுக்கு வெளியே ஸ்பிரே போத்தலும் ஐஸ் பெட்டியும் வைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் மகனைப் போலவே ஒரு பையன், அடிபட்டு நாலாவது கிழமை, நோ இல்லை என்றார். ஸ்கானுக்கு எழுதிக் கொடுத்திருந்தோம், எடுக்கவில்லை. மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்ட் ஓடச் சொன்னேன். அழகாக ஓடினார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். மட்ச் தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் யாரும் பக்கத்தில் இல்லாமல் விழுந்தார். முழங்காலை நீட்ட முடியவில்லை, கிழிந்த மெனிஸ்கஸ் மூட்டுக்குள் மடிந்து கதவுக்கு ஆப்பு வைத்த மாதிரி சிக்கியிருந்தது. அதற்குப் பிறகு நேராக ஓடிக் காட்டியதை வைத்து நான் யாரையும் உள்ளே அனுப்பியதில்லை. அந்தப் பையன் இன்று எங்கோ டிரைவர் வேலை செய்கிறார். கிளச் மிதிக்கும்போது நோகுதாம்.

ஊசி விஷயம். என்ன ஊசி என்று கிளப்பில் பெயரைக் கேளுங்கள், தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல சமயம் அந்தக் கேள்வியோடேயே பேச்சு நின்றுவிடும். விறைக்கப் பண்ணுகிற மருந்தாக இருந்தால், முழங்கால் கொஞ்சநஞ்சம் எச்சரிக்கிறதையும் நிறுத்திவிட்டு விளையாடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். தம்பிக்கு இப்போது நோவே இல்லை என்கிறீர்கள், அப்படியிருக்க விறைப்பு ஊசி எதற்கு என்று யாருக்காவது கேட்கத் தோன்றியதா? ஸ்டீரொய்ட் ஊசியாக இருந்தால் இன்னொரு சிக்கல். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2022 ஜனவரியிலிருந்து போட்டிக் காலத்தில் எந்த வகை ஸ்டீரொய்ட் ஊசியையும் தடை செய்திருக்கிறது, மூட்டுக்குள் போடுவதும் அதில் அடக்கம். டிரமடோல் என்ற வலிநீக்கிக்கு 2024 ஜனவரியிலிருந்து அதே தடை. போட்டிக் காலம் என்பது மட்சுக்கு முதல் நாள் இரவு 11.59இலிருந்தே தொடங்குகிறது, ஆனால் முன்கூட்டிப் போட்ட மருந்தும் உடம்பில் நாள் கணக்கில் தங்கும். பரிசோதனையில் அகப்பட்டால், எனக்குத் தெரியாது, கிளப்தான் போட்டது என்ற பதிலை எடுக்க மாட்டார்கள். உடம்பு யாருடையதோ தண்டனையும் அவருடையதே.

இப்போது தம்பியின் கேள்வி. இதை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, வெளிநாட்டுப் பிளேயர்மார் எப்போது திரும்பி வந்தார்கள் என்று பார்ப்போம். லிவர்பூலின் வான் டைக் 2020 ஒக்டோபர் 17இல் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அடிபட்டார். அந்த சீசன் முழுக்க இல்லை, அடுத்த வருட யூரோ கிண்ணப் போட்டியையும் விட்டார், லீக்கில் திரும்ப இறங்கியது 2021 ஓகஸ்டில். பத்து மாதம். ரொட்ரி 2024 செப்டெம்பரில் ஆர்சனலுக்கு எதிராக விழுந்தார், அடுத்த மாதமே உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டி'ஓர் விருதைக் கையில் வாங்கினார், ஆனால் லீக்கில் திரும்ப இறங்க 2025 மே ஆனது. எட்டு மாதம். நெய்மார் 2023 ஒக்டோபரில் உருகுவேக்கு எதிராக விளையாடும்போது அறுத்துக்கொண்டார், ஒரு வருடம் கழித்துத்தான் வந்தார். ஆறு, ஏழு மாதத்தில் வந்தவர்களும் உண்டு, இப்ராஹிமோவிச் 2017இல் ஏழு மாதத்தில் வந்தார். அவருடைய பெயர் நினைவில் நிற்பதே அது அபூர்வம் என்பதால்தான். இவர்கள் எல்லோருக்கும் காலையில் கண் விழித்தால் பிசியோ, நீச்சல் தடாகம், பலத்தை அளக்கிற மெஷின், சமைத்துப் போட ஆள். நீங்கள் மூன்று மாடி ஏறி இறங்கிக் கொதிக்கிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பிசியோவிடம் போக வேண்டும். அவர்களுக்கே எட்டு, பத்து மாதம் என்றால் உங்களுக்கு ஆறு என்று யார் கணக்குப் போட்டது?

திரும்பி வந்ததோடு கதை முடிவதும் இல்லை. ஐரோப்பிய உதைபந்துச் சங்கமான யூயெஃபா 2001இலிருந்து பெரிய கிளப்களின் காயங்களைத் தொடர்ந்து பதிந்து வருகிறது. அந்த ஆய்வில் ஏ.சி.எல். சத்திரசிகிச்சை செய்தவர்கள் மட்சுக்குத் திரும்பச் சராசரியாக ஏழு மாதத்துக்கு மேல் எடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் திரும்பியும் விட்டார்கள். ஆனால் மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் அதே உயர்மட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு 65 பேர்தான். தொலைக்காட்சியில் தெரிவது திரும்பி வந்து கைதட்டு வாங்குகிற நாள். அந்த மிச்சம் 35 பேர் யாருக்கும் தெரியாமல் கீழே இறங்கிப் போகிறார்கள்.

நோர்வேயிலும் அமெரிக்காவிலும் சேர்ந்து செய்து 2016இல் வெளிவந்த இன்னோர் ஆய்வைத்தான் நான் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்வது. ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதம்வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் திரும்பக் காயப்படுகிற வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பலப் பரிசோதனையும் ஒற்றைக்கால் தாண்டல் பரிசோதனையும் பாஸ் பண்ணாமல் விளையாடப் போனவர்களில் நூற்றுக்கு 38 பேர் திரும்ப முழங்காலைக் கெடுத்துக்கொண்டார்கள். பாஸ் பண்ணிப் போனவர்களில் ஆறு பேருக்கும் குறைவு. இருபத்தைந்து வயதுக்குக் கீழே விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு இரண்டாம் தடவை ஏ.சி.எல்.லை அறுத்துக்கொள்கிறார்கள், அதே காலில் அல்லது மற்றக் காலில். உங்களுக்கு 22.

பிரேசிலின் ரொனால்டோவை உங்கள் வயதுப் பிள்ளைகள் யூடியூபில்தான் பார்த்திருப்பீர்கள். நான் அந்தக் காலத்தில் பெட்டித் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவள். 1999 நவம்பரில் இன்டர் மிலானுக்கு விளையாடும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற பெரிய தசைநாண் கிழிந்தது. அது ஏ.சி.எல். இல்லை, வேறு காயம், ஆனால் பாடம் ஒன்றுதான். ஒப்பரேஷன் செய்து ஐந்து மாதத்தில், 2000 ஏப்ரல் 12, ரோமில் லாசியோவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறக்கினார்கள். சில நிமிடம்தான். பந்தோடு அவருடைய வழமையான அந்தக் கால் சுழற்றலைப் போட்டார், யாரும் தொடவில்லை, அப்படியே சரிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். தசைநாண் இந்த முறை முழுதாக அறுந்து சில்லு மேலே ஏறியிருந்தது. பிறகு இரண்டு வருடம் கிட்டத்தட்ட இல்லாமலே போனார். 2002 உலகக் கிண்ணத்தில் எட்டுக் கோல் அடித்துக் கிண்ணத்தையும் வென்றார் என்பது உண்மை, இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிரான இரண்டு கோலும் அவருடையவை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு என்னோடு வாதாட வருகிற தம்பிமார் நிறைய. அந்த ஏப்ரல் இரவை முதலில் பாருங்கள் என்று சொல்வேன்.

அக்கா, திரும்ப உங்களிடம் வருகிறேன். நோகாத காலை எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, நான் ஒப்பரேஷனுக்கு ஆள் பிடிக்கிறவள் இல்லை. ஏ.சி.எல். அறுந்த எல்லோரையும் வெட்ட வேண்டியதில்லை. சுவீடனில் உடற்பயிற்சிப் பழக்கமுள்ள 121 இளம் ஆட்களை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே ஒப்பரேஷனும், மற்றப் பகுதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஒப்பரேஷன் என்றும் செய்து பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் இரண்டாவது பகுதியில் பாதிப் பேர் கத்தியே படாமல் இருந்தார்கள், முழங்காலும் மற்றவர்களுக்குக் குறைவாக இருக்கவில்லை. உங்கள் மகன் வங்கியில் வேலை செய்து, பின்னேரம் நடக்கப் போகிற ஆளாக இருந்தால் நானே மூன்று மாதம் பயிற்சி செய்து பார்ப்போம் என்றிருப்பேன். ஆனால் அந்த ஆய்வில் தொழில்முறை விளையாட்டு வீரர்களைச் சேர்க்கவில்லை. திரும்புவதையும் வெட்டித் திரும்புவதையும் வைத்துச் சாப்பிடுகிற பிள்ளைக்கு, அந்த விளையாட்டுக்கே திரும்ப வேண்டுமென்றால், டொக்டர் சொன்னது சரி என்றே எனக்கும் படுகிறது. உதைபந்து போதும் என்று அவராகவே முடிவு செய்தால் அது வேறு பேச்சு, அப்போது திரும்ப இருந்து பேசலாம்.

அவசரம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீங்கிய, மடங்காத முழங்காலில் ஒப்பரேஷன் செய்தால் பிறகு அது விறைத்துப் போகும். வீக்கம் முழுக்க வற்றி, கால் முழுதாக நீண்டு, முன்தொடைத் தசை திரும்ப உருண்டு வந்த பிறகு செய்வதுதான் நல்லது. ஆகவே போன ஐந்து கிழமையும் வீண் இல்லை. ஆனால் ஸ்கான் அறிக்கையில் மெனிஸ்கஸைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டொக்டரிடம் கேளுங்கள். அங்கே கிழிசல் இருந்தால் நாளைக் கடத்தக் கூடாது.

இன்னொன்றும் கேளுங்கள்: புது லிகமென்டை எங்கிருந்து எடுக்கப் போகிறார்? பின்தொடைத் தசைநாண், சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண், சில்லுக்கு மேலே உள்ளது என்று மூன்று வழி, மூன்றும் தம்பியின் உடம்பிலிருந்தே. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. சில்லுக்குக் கீழே எடுத்தால் முழந்தாளிடும்போது நீண்ட காலத்துக்கு நோகும். கொச்சிக்கடைக்குப் போகிற வீடு, அதனால் சொல்கிறேன். முழங்காலில் நடப்பதாக மகன் பெயரில் ஏதும் நேர்ந்திருந்தால் அதை நீங்களே நிறைவேற்றிவிடுங்கள், அந்தோனியார் கோபிக்க மாட்டார்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு இரண்டாம் தடவையும் இதே ஏமாற்று நடக்கும், இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை, மூன்று மாதத்தில் நோ போய்விடும், நடை அழகாக வந்துவிடும். ஆனால் வைத்த தசைநாண் முதலில் உயிரிழந்து, பிறகு புது இரத்த நாளம் பிடித்து, மெல்ல மெல்ல லிகமென்டாக மாறுகிறது. அந்த முதல் சில மாதத்தில்தான் அது ஆகப் பலவீனமாக இருக்கும். அதாவது கால் நன்றாக இருக்கிறது என்று தோன்றுகிற நேரமும், உள்ளே கயிறு நூலாக இருக்கிற நேரமும் ஒன்றாகவே வருகின்றன. எங்களிடம் வருகிறவர்கள் பிசியோவை விட்டுவிட்டுப் போவதும் சரியாக அந்த மூன்றாம் மாதத்தில்தான். பஸ் காசு, லீவு, "இனி என்ன, நடக்கிறேன்தானே" என்ற எண்ணம். ஒப்பரேஷன் ஒன்றரை, இரண்டு மணித்தியால வேலை. அதற்குப் பின்னால் வருகிற ஒன்பது மாதம்தான் முழங்காலைச் செய்வது. அடிபட்ட காலின் பலம் மற்றக் காலின் பலத்தில் நூற்றுக்கு 90ஐத் தொட வேண்டும், ஒற்றைக்கால் தாண்டலும் அப்படியே. அதைத் தொடாமல் மாதக் கணக்கைக் காட்டிப் பயனில்லை.

செலவு என்று பயப்படுவீர்கள். பெரியாஸ்பத்திரியின் எலும்பியல் கிளினிக்கில் காட்டினால் சத்திரசிகிச்சை இலவசம், பிசியோதெரபியும் அங்கேயே உண்டு. வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். விளையாட்டுத்துறை அமைச்சின் கீழ் விளையாட்டு மருத்துவ நிறுவகமும் இருக்கிறது, அங்கேயும் விசாரித்துப் பாருங்கள். கிளப்பிடம் செலவைக் கேட்கத் தயங்க வேண்டாம். அவர்களுக்கு விளையாடும்போது அடிபட்டது. வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுங்கள், ஒரு பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். ஃபிஃபாவிடம் ஒரு திட்டம் இருக்கிறது, தேசிய அணிக்கு விளையாடப் போய் ஒருவர் அடிபட்டு 28 நாளுக்கு மேல் கிடந்தால் அவருடைய கிளப்புக்குச் சம்பளத்தை ஈடு செய்வார்கள், உச்சம் 75 இலட்சம் யூரோவரை. கிளப்புக்கு. இங்கே நம்முடைய பிள்ளை மைதானத்திலிருந்து வீட்டுக்குப் போன திரீவீலருக்கே தன் பொக்கெட்டிலிருந்துதான் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மாலைதீவு ஆளைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஒழுங்கான கிளப் என்றால் கையெழுத்துக்கு முன் முழங்காலைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஏ.சி.எல். இல்லாததைக் கையால் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். பார்க்காமல் எடுக்கிற கிளப் என்றால், அடிபட்டு விழுந்த பிறகும் பார்க்க மாட்டாது.

எண்ணெய் வைத்தியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் புதுக் காயத்தில் சூட்டு எண்ணெய் போட்டுத் தேய்த்தால் உள்ளே கசிகிற இரத்தம் கூடும். முதல் மூன்று நாலு நாள் ஐஸ், அமுக்கிக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது, அவ்வளவே. இப்போது எண்ணெய் பூசுவதால் கெடுதல் இல்லை. இழுத்து முறுக்கி 'ஏற்றி' விட மட்டும் யாரையும் விடாதீர்கள்.

ஒப்பரேஷன் திகதி வரும்வரை தம்பி சும்மா இருக்கத் தேவையில்லை. காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, அதை அமுக்கிப் பத்து எண்ணும்வரை பிடிப்பது. நீட்டிய காலை அப்படியே தூக்கி இறக்குவது. மாடிப்படியில் ஒரு படி மட்டும் ஏறி இறங்குவது, முழங்கால் உள்ளுக்குச் சாயாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு. சைக்கிள் ஓட்டலாம், நேர்வீதியில். நீந்தத் தெரிந்தால் நீந்தலாம், தவளை நீச்சல் வேண்டாம். பந்தைத் தொடவே கூடாது, வாசலில் சின்னப் பிள்ளைகளோடும் கூடாது. வீட்டில் குந்தி இருக்கிற கழிவறை என்றால் கொஞ்ச நாளைக்கு ஒரு கதிரை ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசி மகளை நிறுத்த வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். அறுகிற வாய்ப்பு ஆண் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு கூட என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் அதைக் குறைக்கிற வழி காசில்லாமல் கிடைக்கிறது. ஃபிஃபாவின் மருத்துவப் பிரிவு 2006இல் '11+' என்று ஒரு வார்ம்அப் முறை செய்தது. 15 பயிற்சி, இருபது நிமிடம், வேண்டிய சாமான் ஒரு பந்து மட்டும். ஓட்டம், ஒற்றைக்காலில் சமநிலை, குதித்து மெதுவாக இறங்குவது, பின்தொடையைப் பலப்படுத்துவது, திரும்பும்போது முழங்கால் பாதத்துக்கு நேரே நிற்கப் பழகுவது. நோர்வேயில் 13இலிருந்து 17 வயதுவரையான 1892 பெண் பிள்ளைகளை வைத்து ஒரு சீசன் முழுக்கச் சோதித்தபோது, இதைச் செய்த கிளப்களில் காயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பாரதூரமான காயம் பாதியளவு குறைந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் வயதுதான், அதனால்தான் இந்த ஆய்வை எடுத்துச் சொன்னேன். அவளுடைய பயிற்றுநரிடம் இதைக் காட்டுங்கள். நேரமில்லை என்பார். மைதானத்தை மூன்று ரவுண்ட் சுற்றிவிட்டுக் கைகாலை உதறுகிற நேரத்தில்தான் இதைச் செய்யச் சொல்கிறோம். கிழமைக்கு இரண்டு தடவையாவது செய்யாவிட்டால் பலன் இல்லை.

எந்தப் பிசியோவிடம், எந்த டொக்டரிடம் போனாலும் ஸ்கான் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், பிலிமையும் சீடியையும் எடுத்துக்கொண்டு போங்கள். தம்பியை அரைக்காற்சட்டையோடு வரச் சொல்லுங்கள். இறுக்கமான டெனிமைப் போட்டு வந்து, முழங்காலுக்கு மேல் சுருட்ட முடியாமல் இன்னொரு நாள் வருகிறேன் என்று போன பந்தாட்டக்காரர்களை எண்ணி முடியாது. இரண்டு காலையும் பார்க்க வேண்டும். சுகமான காலைத்தான் முதலில் பார்ப்போம்.